கோலகங்சார் போகலாமா? அரண்மனைகளும் ஒரு ரப்பர் மரமும்

பள்ளி விடுமுறை என்றால் எங்கள் ஜுரு நண்பர்கள் பேச்சு பேரங்காடி, கொடிமலை என்றுதான் ஓடும். இம்முறை நான் பேராக்கின் அரச நகரமான கோலகங்சார் பெயரைச் சொன்னேன். "அரண்மனையில் நமக்கென்ன இருக்கிறது?" என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான்.

பயணம் எளிது. புக்கிட் மெர்தாஜாமில் இடிஎஸ் ரயில் ஏறினால் புக்கிட் மேரா ஏரியையும் தைப்பிங்கையும் கடந்து கோலகங்சாரில் இறங்கலாம். விடுமுறையில் இருக்கைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே முன்பதிவு செய்யுங்கள்.

அரண்மனைகள் இருப்பது புக்கிட் சண்டான் குன்றில். 1933இல் கட்டி முடிக்கப்பட்ட இஸ்கண்டாரியா அரண்மனை சுல்தானின் அதிகாரப்பூர்வ இல்லம். அதை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். 1926இல் கட்டப்பட்ட கெனாங்கான் அரண்மனை, வரைபடமோ ஆணியோ இல்லாமல் மரத்தால் எழுப்பப்பட்டது. மூங்கில் பின்னல் சுவர்களே அதன் அழகு. திறந்திருக்கிறதா என முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள உபுடியா பள்ளிவாசல் 1917இல் முடிந்தது. கட்டும்போது இரண்டு யானைகள் சண்டையிட்டு இத்தாலியப் பளிங்குக் கற்களை உடைத்துவிட்டனவாம்! அங்கே செல்ல அடக்கமான உடை அவசியம்.

நண்பனின் கேள்விக்கான பதில், குன்றின்மேல் இல்லை. நகருக்குள், மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கிறது. அது ஒரு முதிய ரப்பர் மரம். பிரேசில் விதைகள் லண்டன் கியூ பூங்காவில் முளைத்து, 1877இல் கன்றுகளாக இங்கு வந்தன. பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்ட ஒன்பதில் எஞ்சியது இதுதான்.

பின்னர் ரப்பர் விலை ஏறியபோது, தமிழகத்திலிருந்து ஆயிரமாயிரம் பேர் தோட்டங்களுக்கு அழைத்து வரப்பட்டார்கள். என் பாட்டி விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர். இன்று ஜுருவில் தொழிற்சாலைகளும் நெடுஞ்சாலையும்தான் கண்ணில் படுகின்றன. அந்த உழைப்புக்கு அரண்மனை இல்லை. ஆனால் அந்த மரம் நிற்கிறது.

அதனால் எங்கள் பட்டியலில் மரம்தான் முதலிடம். வெயில் ஏறுமுன் அங்கே, பிறகு குன்று. தண்ணீர், குடை, குறிப்பேடு மூன்றும் பையில் இருக்கட்டும்.

புறப்படுமுன் ஒரு வேலை: தாத்தா பாட்டி எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சொல்ல அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.