கல்யாண அடுப்பும் கொஞ்சம் கணக்கும்



கலோரி, உள்ளுறை வெப்பம், பயனுறு திறன் என்றெல்லாம் வகுப்பில் படிக்கிறோம். பரீட்சைக்கு எழுதுகிறோம், பிறகு மறந்தும் போகிறோம். இவை அத்தனையும் ஒரே இடத்தில் வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமா? கல்யாண மண்டபத்தின் பின்கட்டுக்குப் போனால் போதும். அங்கே 'உஸ்ஸ்' என்று எரிகிறதே ஹை பிரஷர் கேஸ் அடுப்பு, அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, நம் வசதிக்கு எதை மாற்றலாம், எதை மாற்றவே கூடாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் சித்தப்பா சமையல் மாஸ்டர். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். ஒருநாள் அவர், "தீ பத்தலடா. நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, ஜெட் ஓட்டையைக் கொஞ்சம் பெரிசு பண்ணிக் குடு" என்றார். உங்களிடமும் யாராவது இப்படிக் கேட்பார்கள். டிரில் பிட்டை எடுக்கும் முன் கணக்கைப் பார்ப்போம்.

எவ்வளவு தீ வேண்டும்?

அண்டாவில் 50 லிட்டர் தண்ணீர் அரை மணி நேரத்தில் கொதிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்ற, 50 × 70 = 3500 கிலோ கலோரி வேண்டும். திறந்த இடத்தில் பாதி வெப்பம் வீணாகும் என்று எடுத்தால், அடுப்பு 7000 கிலோ கலோரி தர வேண்டும். ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் கிடைப்பது ஏறக்குறைய 11,000 கிலோ கலோரி. ஆக அரை மணிக்கு 640 கிராம், மணிக்கு 1.3 கிலோ கேஸ் எரிக்கக்கூடிய பர்னர் தேவை. வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் எரிப்பது மணிக்கு 200 கிராம் அளவுதான். அதில் இந்த அண்டாவை ஏற்றினால் பந்தி முடிந்த பிறகும் தண்ணீர் கொதிக்காது!

எனவே கடைக்குப் போகும்போது "பெரிய அடுப்பு கொடுங்க" என்று கேட்காதீர்கள். "மணிக்கு எத்தனை கிலோ எரிக்கும்?" என்று கேளுங்கள். நம் தேவையும் அந்த எண்ணும் பொருந்தினால் வாங்கலாம்.

ஜெட்டை ஏன் தொடக்கூடாது?

ஜெட் என்பது பித்தளையில் ஒரு சின்ன ஓட்டை, அவ்வளவுதான். ஆனால் அடுப்பின் மூளை அதுதான். ஓட்டையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1 மில்லிமீட்டர் ஓட்டை 1.4 மில்லிமீட்டர் ஆனால் கேஸ் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரும். "அதுதானே வேணும்?" என்பீர்கள். காற்றை மறந்துவிட்டோம்! ஒரு கன அடி புரொப்பேன் முழுதாக எரிய சுமார் 24 கன அடி காற்று வேண்டும், பியூட்டேனுக்கு 31. ஜெட்டிலிருந்து வேகமாகப் பாயும் கேஸ்தான் இந்தக் காற்றில் ஒரு பகுதியை முன்னதாகவே பர்னர் குழாய்க்குள் இழுத்துக்கொள்கிறது. குழாய் அப்படியே இருக்க, ஜெட்டை மட்டும் பெருக்கினால் காற்றின் விகிதம் குறைந்துவிடும். நீலத் தீ மஞ்சளாகும், அண்டாவில் கரி பிடிக்கும். கேஸ் இரட்டிப்பாகியும் வெப்பம் இரட்டிப்பாகாது. அதைவிட மோசம், அரைகுறையாக எரிவதால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு வாசனையே கிடையாது. ஜன்னல் சாத்திய சமையற்கட்டில் அது ஆளையே கொல்லும்.

அடைத்த ஜெட்டை ஊசியால் குத்துவதும் இதே கதைதான். ஓட்டை பெருக்கும், வட்டம் கோணலாகும். அதே அளவில் புது ஜெட் போடுவதே முறை.

சிலிண்டர் ஏன் பனிக்கிறது?

சித்தப்பாவின் அடுப்பைப் போய்ப் பார்த்தேன். ஜெட்டில் குறையே இல்லை. ஒரே சிலிண்டரில் இரண்டு பெரிய அடுப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. சிலிண்டரின் கீழ்ப்பாதி சில்லென்று வேர்த்து, பனி படிந்திருந்தது. உள்ளே திரவமாக இருக்கும் ஒரு கிலோ கேஸ் ஆவியாக ஏறக்குறைய 85 கிலோ கலோரி வேண்டும். அதைச் சிலிண்டர் சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் வாங்குகிறது. நாம் உறிஞ்சும் வேகத்துக்கு வெப்பம் வராவிட்டால் திரவம் குளிர்ந்து, அழுத்தம் குறைந்து, தீ அடங்குகிறது. இதுதான் "தீ பத்தல"!

இதற்குச் சிலர் வெந்நீர் ஊற்றுகிறார்கள். சிலர் சிலிண்டரைப் படுக்க வைக்கிறார்கள். இரண்டும் ஆபத்து. படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே டியூபில் ஓடிவரும், தீ ஆள் உயரத்துக்குச் சீறும். சரியான வழி, இரண்டு சிலிண்டர்களை இணைத்து ஒரே லைனில் விடுவது. பாரம் பாதியாகும். இந்த இணைப்பைக் கேஸ் மெக்கானிக்தான் செய்ய வேண்டும், நாம் அல்ல.

நாம் செய்யக்கூடியவை

1. ஸ்டாண்ட்: மேடு பள்ளமான தரையில் நாலு கால் ஆடும், மூன்று கால் ஆடவே ஆடாது. 100 லிட்டர் அண்டா நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 100 கிலோ, கிண்டும் வேகம் தனி. ஆகவே தடித்த ஆங்கிளில், கால்களை அகட்டி, கீழே வளையம் கொடுத்து வெல்டிங் செய்யுங்கள்.

2. காற்றுத் தடுப்பு: பர்னரைச் சுற்றி மூன்று பக்கம் தகடு. கீழே காற்று நுழைய இடம் விட வேண்டும். சிலிண்டர் தகட்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

3. மூடி: ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி, அது ஆவியாகிப் போனால் மேலும் 540 கிலோ கலோரி நஷ்டம். ஒரு மூடி, ஜெட்டைவிடப் பெரிய மிச்சம்!

சித்தப்பாவுக்கு இம்மூன்றையும் செய்து, சிலிண்டர் இணைப்பும் போட்டுக் கொடுத்தோம். ஜெட் பழைய ஜெட்தான். இப்போது தீ போதுகிறது.

மறக்கக் கூடாதவை

எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். காற்றில் ஏறக்குறைய 2 முதல் 9 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். ஆகவே ஒவ்வொரு மூட்டையும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், தீக்குச்சியால் அல்ல. ஹை பிரஷர் அடுப்புக்கு அதற்குரிய ரெகுலேட்டரும் டியூபும்தான் போட வேண்டும். வீட்டுக்குரிய 14.2 கிலோ சிலிண்டரைக் கல்யாண வேலைக்கு எடுப்பது சட்டப்படி குற்றம். இதற்கென்றே 19 கிலோ சிலிண்டர் இருக்கிறது.

தோழர்களே! அடுப்பைச் சுற்றி நம் அத்தையும் சித்தியும் காய் நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "படிச்ச பையன் சொல்லிட்டான்" என்றால் அவர்கள் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். அந்த நம்பிக்கைக்காகவாவது, ஸ்பானரைத் தொடும் முன் பேனாவை எடுத்துக் கணக்குப் போடுவோம்.



— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை