அட்டையில் ஒரு நிறம், சுவரில் வேறு நிறம்: ஏன்?

வண்ண அட்டையில் மென்மையாகத் தோன்றிய மஞ்சள், நான்கு சுவர்களிலும் பூசப்பட்டதும் அடர்ந்து தெரிவதற்குக் காரணம், ஒளி ஒரு சுவரில் பட்டு எதிர்ச்சுவருக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் நிறமி, அதாவது பெயிண்டுக்கு நிறம் தரும் நுண்துகள், நீலக் கதிர்களை மேலும் உறிஞ்சிக்கொள்வதால் கண்ணை அடையும் ஒளியில் மஞ்சளின் பங்கு கூடிவிடுவதேயாகும். விளக்கும் நிறத்தை மாற்றுகிறது: ஒளியின் சாயலைக் குறிக்கும் நிறவெப்பநிலை பகல் வெளிச்சத்துக்கு ஏறத்தாழ 6500 கெல்வின், மஞ்சள் சாயலுள்ள எல்.இ.டி. விளக்குக்கு ஏறத்தாழ 2700 கெல்வின் என்பதால், பின்னதில் நீலக் கதிர்கள் குறைந்து நீலச்சுவர் மங்கித் தெரியும். ஆகவே அட்டையை மட்டும் நம்பி முடிவெடுப்பது தவறு. இரு சுவர்கள் கூடும் மூலையில் மாதிரி பூசி, காய்ந்தபின் பகலிலும் இரவு விளக்கொளியிலும் பார்ப்பதே தக்கது, ஏனெனில் ஒளி தாவும் விளைவு மூலையில்தான் தெளிவாகப் புலப்படும்.