இலைக்கிளியும் மெய்நிகர் உலகமும்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் ஆண்டாள் சிலையின் இடக்கையில் இருக்கும் கிளியை நிதானமாகப் பாருங்கள். மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் மூக்கு, காக்காப்பொன்னில் கண். தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். இறகு இறகாக நிஜக்கிளியைப் படியெடுக்க அவர்கள் முயல்வதே இல்லை. பச்சை உடம்பையும் வளைந்த சிவப்பு மூக்கையும் பிசகாமல் பிடித்துவிடுகிறார்கள்; மீதிக் கிளியைப் பார்ப்பவர் மனமே நிரப்பிக்கொள்கிறது.

எதை அப்படியே காட்டுவது, எதைக் கற்பனைக்கு விடுவது? கணினியில் மெய்நிகர் உலகம் கட்டுகிறவர்களுக்கும் இதே கேள்விதான்.

விஆர் கண்ணாடி இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரண்டு படங்களைக் காட்டும். மூளை அவற்றை ஒன்றாக்கி ஆழத்தை உணரும். தலையைத் திருப்பினால் படமும் கூடவே திரும்ப வேண்டும். சுமார் 20 மில்லி நொடிக்கு மேல் தாமதமானால் பலருக்குத் தலை சுற்றும். மரத்தின் இலை நீலமாக இருந்தால் யாருக்கும் குமட்டாது. தலையோடு படம் நகராவிட்டால் குமட்டும். மெய்ம்மை கட்டாயமாகத் தேவைப்படும் இடம் இதுதான்.

உருவத்தில் நுணுக்கம் கூடக்கூட நம்பிக்கையும் கூடிக்கொண்டே போகும் என்று சொல்ல முடியாது. மனிதனை ஓரளவு ஒத்த பொம்மை நமக்குப் பிடிக்கும், ஏறக்குறைய முழுதும் ஒத்துச் சிறிதே தவறினால் அருவருப்பு வரும் என்று 1970இல் எழுதினார் ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி. நாய்க்கும் இது பொருந்தும் என்பேன். ராஜபாளையம் நாயின் வெள்ளை ரோமமும் இளஞ்சிவப்பு மூக்கும் திரையில் அச்சு அசலாக வந்து, நடை மட்டும் பிசகினால் ராஜபாளையத்துக்காரர் முகம் சுளிப்பார். கோட்டோவிய நாயிடம் அவர் அவ்வளவு கறாராக இருக்கமாட்டார்.

படமே இல்லாத உலகமும் உண்டு. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த 'மட்' விளையாட்டு முழுக்க எழுத்தால் ஆனது. பலர் ஒரே நேரத்தில் அதற்குள் உலவினார்கள்.

திருப்பாவை பாடிய ஆண்டாள் தன் உலகத்தைக் கட்டியதும் சொல்லால்தான். வில்லிபுத்தூரையே ஆயர்பாடியாகவும், வடபத்ரசாயி கோயிலை நந்தகோபன் மாளிகையாகவும் அவர் பாவித்தார் என்பது வைணவ மரபு. இடமும் ஆட்களும் கற்பனை. ஆனால் திருப்பாவையின் 30 பாசுரங்களில் வரும் தயிர் கடையும் ஓசை, பறவைகளின் கூச்சல், மேயப் போன எருமைகள், புழக்கடைக் குளத்துப் பூ எல்லாம் எந்த ஊர் விடியலிலும் இருப்பவை.

விளையாட்டு மென்பொருள் செய்ய ஆசைப்படும் நம் பிள்ளைகள் விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டைத் தேடுமுன், மார்கழி விடியலில் ஒரு தெருவின் ஒலிகளைப் பதிவு செய்யட்டும். படம் பிறகு வரட்டும்.