பழைய ஜீப்பு வாங்குமுன்

மலையடிவாரப் பாதைகளுக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பு ஏற்றது. ஆயினும் பழையது வாங்குவோர், பதிவுச் சான்று ஒன்றையே வண்டி நன்னிலையில் உள்ளதற்கு அத்தாட்சியாகக் கொள்ளலாகாது. சொந்த உபயோக வண்டிக்கு முதற்பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன் பின்னரே அதிகாரிகள் சோதித்து 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கின்றனர். ஆகவே 12 ஆண்டு ஓடிய ஜீப்பை எவரும் மறுமுறை சோதித்திராமலே இருக்கலாம். வாடகை வண்டியாயின் 8 ஆண்டுகள் வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், பின்னர் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறுதல் வேண்டும். அச்சான்றுகளைக் கேட்டுப் பாருங்கள். இடையில் விடுபட்ட காலம் இருப்பின் காரணம் வினவுங்கள்.

எஞ்சியதை வண்டியின் அடிப்பாகமே கூறும். அடிச்சட்டத்தில் மட்டும் புதுக் கறுப்பு வர்ணம் பூசியிருந்தால் ஐயுறுக! சிறு சுத்தியலால் தட்டினால், துருப்பிடித்த இடம் மழுங்கிய ஓசை தரும். முன் அச்சின் இயக்கத்தைத் தார்ச் சாலையிலன்றி, ஈர மண்ணில் போட்டுப் பாருங்கள். நெடுநாள் உபயோகியாத அச்சு இறுகிப் போயிருத்தல் கூடும். விற்பவர் அழைத்து வரும் மெக்கானிக்கைக் காட்டிலும், உங்கள் ஊர் டிராக்டர் மெக்கானிக்கே மேல்.

எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவுச் சான்றுடன் ஒத்திருத்தல் வேண்டும். அதில் கடன் குறிப்பு இருப்பின், கடன் கொடுத்தவர் கையொப்பமிட்ட 35-ஆம் படிவத்தைக் காணாது முன்பணம் கொடுக்க வேண்டாம்.