நெஞ்செரிச்சலுக்கு ஒரு லெட்டர்!

எக்ஸாம் ஃபீஸ் கட்ட கடைசி தேதி எப்போன்னு நோட்டீஸ் போர்டுல ஒரு மாசமா ஒட்டியிருக்கும். ஒருத்தர் கண்ணிலும் படாது. 'மச்சி, நாளைக்குதான்டா லாஸ்ட் டேட்'னு மொபைல்ல ஒரு மெசேஜ் வந்தா போதும்... மொத்த ஹாஸ்டலும் ஆபீஸ் வாசல்ல க்யூவில் நிற்கும்! இதே சங்கதியை வைத்து ஒரு கேன்சரை, அது கேன்சராக மாறுவதற்கு முன்பே மடக்கப் பார்க்கிறார்கள் இங்கிலாந்து டாக்டர்கள். ஆயுதம் என்ன தெரியுமா? வீட்டுக்கு ஒரு லெட்டர், கூடவே நூல் கட்டிய ஒரு ஸ்பாஞ்ச்.

மேட்டர் நெஞ்செரிச்சலில் ஆரம்பிக்கிறது. இரைப்பையில் இருக்க வேண்டிய ஆசிட், மேலே ஏறி உணவுக்குழாய்க்குள் வருவதுதான் நெஞ்செரிச்சல். இரைப்பையின் உள்சுவர் ஆசிட்டைத் தாங்கும். உணவுக்குழாய் தாங்காது. வருஷக்கணக்கில் ஆசிட் பட்டுக்கொண்டே இருந்தால், சிலருக்கு அந்த இடத்துச் செல்களெல்லாம் மெள்ள வேஷம் மாறி, குடலில் இருக்கும் செல்களைப் போல ஆகிவிடும். இதற்குப் பெயர் 'பேரட் உணவுக்குழாய்'. நார்மன் பேரட் என்கிற சர்ஜன், 1950-ல் இதைப் பற்றி எழுதினார். தான் பார்த்தது கீழேயிருந்து மேலே இழுக்கப்பட்ட இரைப்பை என்றுதான் அவர் முதலில் நினைத்தார். 'இல்லை சார், அது உணவுக்குழாய்தான், உள்சுவர்தான் மாறியிருக்கு' என்று 1953-ல் வேறு இரண்டு டாக்டர்கள் சொல்ல, 1957-ல் பேரட்டும் ஒப்புக்கொண்டார். பெயர் என்னவோ அவருக்கே நிலைத்துவிட்டது!

பேரட் இருந்தால் கேன்சர் நிச்சயமா? இல்லவே இல்லை. செல்களில் மோசமான மாற்றம் இல்லாதவர்களில், வருஷத்துக்கு நூற்றில் ஒருவருக்குக்கூட அது கேன்சராவதில்லை. பெரும்பாலானவர்கள் அதோடேயே வாழ்ந்து, வேறு ஏதோ காரணத்தில்தான் இறக்கிறார்கள். ஆனால் மாறிவிட்டால் நிலைமை மோசம். உணவுக்குழாய் கேன்சர் வந்தவர்களில் அஞ்சு வருஷத்தைத் தாண்டுகிறவர்கள் ஏறக்குறைய அஞ்சில் ஒருத்தர்தான். சாப்பாடு இறங்காமல் சிக்குகிற நிலையில்தான் பலர் டாக்டரிடமே போகிறார்கள், அதுதான் காரணம். பேரட் நிலையிலேயே பிடித்துவிட்டால் கதையே வேறு. சில வருஷங்களுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி பண்ணிக் கண்காணிக்கலாம். செல்கள் கெட ஆரம்பித்தால், வயிற்றைக் கிழிக்காமல் எண்டோஸ்கோப்பி வழியாகவே அந்த இடத்தைச் சுட்டோ, செதுக்கியோ எடுத்துவிடலாம்.

அப்போ எல்லோருக்கும் எண்டோஸ்கோப்பி பண்ணிடலாமே? அங்கேதான் சிக்கல். நெஞ்செரிச்சல் இல்லாத ஆள் ஏது! அத்தனை பேருக்கும் குழாய் விட எந்த நாட்டு ஆஸ்பத்திரியாலும் முடியாது. அதனால் அமெரிக்க இரைப்பை-குடல் டாக்டர்கள் சங்கம் 2022-ல் வெளியிட்ட கைடுலைன், ரொம்ப நாளாக நெஞ்செரிச்சல் இருந்து, கூடவே ஆண், ஐம்பது வயதைத் தாண்டியவர், வெள்ளையர், குண்டு உடம்பு, சிகரெட், குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் என்கிற பட்டியலில் மூன்றாவது பொருந்துகிறவர்களுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறது.

கைடுலைன் இருக்கிறது. ஆனால் யார் ஞாபகம் வைத்துக்கொண்டு கூப்பிடுவது? ஆசிட் மாத்திரை போட்டதும் எரிச்சல் அடங்கிவிடுகிறது, பேஷன்ட் ஜாலியாகிவிடுகிறார். அவர் சுகர், பி.பி-க்கு வரும்போது டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிஷம். அதில் 'உங்களுக்குப் பத்து வருஷமா நெஞ்செரிச்சல் இருக்கே'ன்னு பேச்செடுக்க நேரம் ஏது?

இந்த இடத்தில்தான் கேம்பிரிட்ஜ் என்ட்ரி ஆகிறது. ரெபேக்கா ஃபிட்ஸ்ஜெரால்டு என்கிற பேராசிரியையின் டீம் உருவாக்கிய 'சைட்டோஸ்பாஞ்ச்', பார்க்க ஒரு வைட்டமின் மாத்திரை மாதிரி இருக்கும். நுனியில் ஒரு நூல். தண்ணீரோடு விழுங்கவேண்டியது, நூலின் மறுமுனையை நர்ஸ் பிடித்திருப்பார். சில நிமிஷத்தில் வயிற்றுக்குள் மேலுறை கரைந்து, உள்ளே மடங்கியிருந்த ஸ்பாஞ்ச் பூ மாதிரி விரியும். நூலைப் பிடித்து இழுத்தால், வருகிற வழியெல்லாம் உணவுக்குழாய்ச் செல்களை ஒற்றிக்கொண்டு வந்துவிடும். அதை லேபில் சாயமேற்றிப் பார்த்தால், பேரட் செல் இருக்கிறதா என்று தெரியும். மொத்த வேலையும் பத்து நிமிஷம்தான். மயக்க மருந்தும் வேண்டாம், ஸ்பெஷலிஸ்ட்டும் வேண்டாம். தூண்டில் போட்டு மீன் பிடிக்கிற கதைதான், என்ன... இங்கே மீனே தூண்டிலை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறது!

இதை வைத்து இங்கிலாந்தில் 109 கிளினிக்குகளில் நடந்த ஆராய்ச்சியின் ரிசல்ட், 2020-ல் 'லான்செட்' இதழில் வந்தது. மாத்திரை வாங்கும் ரெக்கார்டைப் பார்த்து, நெஞ்செரிச்சல்காரர்கள் பதிமூணாயிரம் பேருக்கு மேல் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பாதி வழக்கம்போல, அவர்களாக டாக்டரிடம் வந்தால்தான் உண்டு. இன்னொரு பாதிக்கு, 'வாங்க, ஒரு டெஸ்ட் இருக்கு'ன்னு கிளினிக்கிலிருந்தே லெட்டர். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், சும்மா விட்ட 6,388 பேரில் பேரட் கண்டுபிடிக்கப்பட்டது 13 பேருக்கு. லெட்டர் போன 6,834 பேரில் 140 பேருக்கு. பத்து மடங்கு! செல்கள் கெட ஆரம்பித்தவர்கள், கேன்சரின் முதல் நிலையில் இருந்தவர்கள் என்று 9 பேர் லெட்டர் போன கூட்டத்தில் சிக்கினார்கள். இன்னொரு கூட்டத்தில் அப்படி ஒருவர்கூட அகப்படவில்லை. நோய் அங்கே இல்லாமலா இருந்திருக்கும்? யாரும் தேடவில்லை, அவ்வளவுதான்.

ரொம்பக் குஷியாகிவிட வேண்டாம். லெட்டர் கிடைத்தவர்களில் 'சரி, வர்றேன்'னு சொன்னவர்கள் நூற்றுக்கு 39 பேர்தான். மீதிப் பேர் லெட்டரை என்ன செய்தார்களோ! இதே பிரச்னை குடல் கேன்சர் டெஸ்ட்டிலும் உண்டு. டெஸ்ட் கிட்டைத் திருப்பி அனுப்பாதவர்களுக்கு லண்டனில் எஸ்.எம்.எஸ் அனுப்பிப் பார்த்தார்கள். 2017-ல் வந்த ரிசல்ட்படி, முதல்முறையாக அழைக்கப்பட்டவர்களில் கிட்டை அனுப்பியவர்கள் நூற்றுக்கு 35-லிருந்து 40-ஆக உயர்ந்தார்கள். ஆனால் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசமே இல்லை. ஏற்கெனவே 'வேணாம்'னு முடிவெடுத்தவரை ஒரு பீப் சத்தம் மாற்றாது போல.

பேஷன்ட்டை விட்டு டாக்டருக்கு ஞாபகப்படுத்தலாமே? அதுவும் நடக்கிறது. பேஷன்ட் ஃபைலைத் திறந்ததும், வயசு, எடை, சிகரெட், மாத்திரை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, 'இவருக்குப் பேரட் டெஸ்ட் பார்க்கலாமே?'ன்னு கம்ப்யூட்டர் ஒரு பாப்-அப் போடும். ஆனால் நாம என்ன பண்றோம்? பாப்-அப் வந்தால் படிக்காமலே மூடுகிறோம் இல்லையா... டாக்டரும் மனுஷன்தானே! ஒரு நாளில் நூறு அலர்ட் வந்தால் நூத்தியோராவது கண்ணிலேயே படாது. இதற்கு 'அலர்ட் களைப்பு' என்று பெயரே இருக்கிறது. தவிர, கம்ப்யூட்டருக்கு ஃபைலில் இருப்பது மட்டும்தான் தெரியும். மெடிக்கல் ஷாப்பில் தானே வாங்கி விழுங்கிய மாத்திரையும், தாத்தா எதில் போனார் என்பதும் ஃபைலில் ஏறாது. என்னைக் கேட்டால், கம்மியாக, சரியான ஆளுக்கு மட்டும் அடிக்கிற மணிதான் காதில் விழும்.

நம்ம ஊர் நிலவரம் கொஞ்சம் வேறு. இந்தியாவில் பேரட் குறைவு. இங்கே உணவுக்குழாய் கேன்சரில் பெரும்பாலானது வேறு ரகம். புகையிலையும் மதுவும் அதன் முக்கியமான கூட்டாளிகள். அதனால் மிட்நைட் புரோட்டாவுக்கு அப்புறம் நெஞ்சு எரிந்தால் உடனே ஸ்பாஞ்ச் தேடி ஓட வேண்டாம். ஆனா வீட்டுல அப்பா வருஷக்கணக்கா ஜெலுசில் பாட்டிலோடயே தூங்குறாரா? ஒரு தடவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. சாப்பாடு சிக்குது, காரணமே இல்லாம எடை குறையுது, ரத்த வாந்தி, மலம் கறுப்பா போகுதுன்னா எந்த லெட்டருக்கும் காத்திருக்கக் கூடாது.

இங்கிலாந்துக்காரர்கள் அடுத்த ரவுண்டை 2024-ல் ஆரம்பித்துவிட்டார்கள். இந்தமுறை இலக்கு 1,20,000 பேர், அழைப்பு எஸ்.எம்.எஸ்-ல். பேரட்டைக் கண்டுபிடிக்க முடியும் என்பது தெரிந்துவிட்டது. அப்படிக் கண்டுபிடிப்பதால் சாவு எண்ணிக்கை நிஜமாகவே குறைகிறதா என்பதுதான் இப்போதைய கேள்வி. பதில் வர இன்னும் பல வருஷம் ஆகும்.