தொழில் அறிந்தோர் தரும் பதக்கம்



பரிசு என்பது நமக்குப் புதிது அன்று. பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பிள்ளைகளுக்குப் புத்தகமும் கேடயமும் கிடைக்கின்றன. தோட்டத்தில் நெடுங்காலம் உழைத்தவருக்கு நற்சான்று கிடைக்கிறது. பந்து விளையாட்டில் வென்ற குழுவுக்குக் கிண்ணம் கிடைக்கிறது. இவற்றை யார் கொடுக்கிறார், எதற்காகக் கொடுக்கிறார் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பாலம் கட்டியவருக்கும், மின்சாரம் ஆக்கும் பொறியை அமைத்தவருக்கும், கைத்தொலைபேசி வேலை செய்ய வழி கண்டவருக்கும் யார் பரிசு தருகிறார்கள்? அவர்களுடைய வேலையின் தரத்தை எடைபோடக் கூடியவர் யார்?

இதற்கு விடை காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொழுந்துக் கூடையைப் பார்த்த உடனே, அதில் இளங்கொழுந்து எவ்வளவு, முற்றிய இலை எவ்வளவு என்று சொல்லக் கூடியவர் யார்? தாமும் பல ஆண்டுகள் கொழுந்து எடுத்தவர்தாம். வெளியார் வந்து பார்த்தால் எல்லாம் பச்சை இலையாகவே தெரியும். பொறியியல் துறையிலும் இதே நியாயம்தான். ஒரு பொறியியலாளரின் வேலை சிறந்ததா இல்லையா என்பதை இன்னொரு பொறியியலாளரே சரியாக மதிப்பிட முடியும். ஆகவேதான் ஒரே தொழிலைச் செய்பவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, தங்களுள் சிறந்த வேலை செய்தவர்களுக்குத் தாங்களே பதக்கம் வழங்கும் வழக்கம் தோன்றியது.

இந்த வழக்கம் எப்படித் தொடங்கியது என்பதைச் சற்றுப் பார்ப்போம். 1818-ஆம் ஆண்டில் லண்டன் நகரத்தில் ஒரு காப்பிக் கடையில் சில இளம் பொறியியலாளர்கள் கூடிக் கட்டடப் பொறியியலாளர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஈராண்டுகள் கழித்து, 1820-இல், தாமஸ் டெல்ஃபர்ட் என்பவரைத் தங்கள் முதல் தலைவராக ஏற்றுக்கொண்டார்கள். இந்த டெல்ஃபர்ட் யார்? பெரிய சீமான் வீட்டுப் பிள்ளை என்று எண்ணி விடாதீர்கள். ஸ்காட்லாந்து நாட்டில் 1757-இல் ஓர் ஆட்டிடையரின் மகனாகப் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தவர். சிறு வயதிலேயே கல் தச்சரிடம் வேலை பழகியவர். பின்னாளில் சாலைகளும், கால்வாய்களும், 1826-இல் திறக்கப்பட்ட புகழ்பெற்ற மெனாய்த் தொங்கு பாலமும் அமைத்தவர் அவரே.

அவர் 1834-இல் காலமானபோது, ஆண்டுதோறும் பரிசு வழங்குவதற்காகச் சங்கத்துக்குப் பணம் எழுதி வைத்திருந்தார். அதிலிருந்து வந்ததுதான் டெல்ஃபர்ட் பதக்கம். இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்தப் பதக்கம் ஒரு வேலையைச் செய்து முடித்ததற்காக மட்டும் கொடுக்கப்படுவது அன்று. தாம் கற்றதைக் கட்டுரையாக எழுதி, மற்றவர்களும் தெரிந்துகொள்ளும்படி சங்கத்தின் முன் வைப்பவருக்குக் கொடுக்கப்படுவது. தொழில் இரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டிருப்பவருக்கு அங்கே இடமில்லை. தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லிக் கொடுப்பவனே சிறந்த தொழிலாளி என்பது அந்தப் பதக்கத்தின் பொருள்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். கேமரன் மலையின் ஆறுகளைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் திட்டம் உங்களுக்குத் தெரிந்ததே. ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபுபக்கர் அணை 1963-இல் கட்டி முடிக்கப்பட்டது. இதே திட்டத்தைச் சேர்ந்த சிறு மின்நிலையங்கள் நம் கோலா தெர்லாவிலும் கம்போங் ராஜாவிலும் அமைக்கப்பட்டன. மலைக்குக் கீழே ஜோரில் உள்ள நிலையம் நூறு மெகாவாட் ஆற்றல் உடையது. நம் கோலா தெர்லா நிலையமோ அரை மெகாவாட் அளவே உடையது. அளவு வேறு, வேலை செய்யும் முறை ஒன்றுதான். உயரத்திலிருந்து குழாய் வழியாக இறங்கும் நீர் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரத்தோடு சேர்ந்த தண்டு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தம் சுழலச் சுழல, அதைச் சூழ்ந்திருக்கும் செம்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது.

காந்தம் அசைந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்பதை 1831-ஆம் ஆண்டில் கண்டறிந்து சொன்னவர் மைக்கேல் ஃபாரடே. அவர் ஒரு கொல்லரின் மகன். பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றார். பிறகு ஹம்ஃப்ரி டேவி என்ற அறிஞரின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அக்குறிப்புகளைத் தம் கையாலேயே புத்தகமாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். அந்தப் புத்தகமே அவருக்கு ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்துவிட்டது.

இங்கிலாந்தின் மின்பொறியியலாளர் சங்கம் 1922-இல் ஒரு பதக்கத்தை ஏற்படுத்தியபோது, அதற்கு இந்தக் கொல்லர் மகனின் பெயரையே சூட்டியது. அந்தச் சங்கம் 2006-இல் வேறொரு சங்கத்தோடு இணைந்து புதுப்பெயர் பெற்றது. ஃபாரடே பதக்கம் மட்டும் பெயர் மாறவில்லை. இதை முதன்முதலில் பெற்றவர் ஆலிவர் ஹெவிசைட். அவர் பதினாறு வயதோடு பள்ளியை விட்டுத் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கல்லூரி வாசலை மிதிக்காமல், தந்திக் கம்பியில் செய்தி எப்படி ஓடுகிறது என்பதற்குத் தாமே கணக்கு வகுத்தவர். பட்டம் இல்லையே என்று சங்கம் தயங்கவில்லை. வேலையைப் பார்த்தது, பதக்கத்தைக் கொடுத்தது.

கொல்லர் மகன் பெயரால் அமைந்த இந்தப் பதக்கம், நூற்றோர் ஆண்டுகள் கழித்து, 2023-இல், ஒரு தமிழரைத் தேடி வந்தது. அவர் ஆரோக்கியசாமி பால்ராஜ். 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்தவர். பொள்ளாச்சி, ஆனைமலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர். அங்கிருந்து மேலே ஏறினால் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்கள். பால்ராஜ் பதினைந்து வயதில் இந்தியக் கப்பற்படைப் பயிற்சியில் சேர்ந்தார். கடலுக்கடியில் வரும் நீர்மூழ்கிக் கப்பலை ஒலியால் கண்டுபிடிக்கும் கருவியை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். படையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

அங்கே அவர் செய்தது என்ன? மலையில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். பள்ளத்தாக்கில் நின்று ஒருவரைக் கூவி அழைத்தால், குரல் நேராகவும் போகிறது. எதிர்ச் சரிவில் மோதியும் திரும்புகிறது. இரண்டும் கலந்தால் சொல் தெளிவாகக் கேட்பதில்லை. வானொலி அலைகளும் அப்படித்தான். மலையிலும் கட்டடத்திலும் மோதிப் பல வழிகளில் வந்து சேரும். நெடுங்காலம் பொறியியலாளர்கள் இதை ஒரு தொல்லையாகவே கருதினார்கள். பால்ராஜ், இந்தப் பல வழிகளையே பயனாக்கலாம் என்று 1992-ஆம் ஆண்டு வாக்கில் யோசனை சொன்னார். அனுப்பும் இடத்தில் பல அலைவாங்கிகள், பெறும் இடத்திலும் பல அலைவாங்கிகள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு செய்தியை ஒரே நேரத்தில் அனுப்பி, பெறும் இடத்தில் கணக்கின் துணையால் பிரித்தெடுத்துக்கொள்வது. ஒற்றையடிப் பாதையில் ஒருவர்பின் ஒருவராக மூட்டை தூக்குவதற்குப் பதிலாக, நான்கு பாதைகளில் நான்கு பேர் சேர்ந்து தூக்குவது போன்றது இது. அதே அலைவரிசை, கொண்டு போகும் செய்தியோ பல மடங்கு.

தொடக்கத்தில் இதைப் பலர் நம்பவில்லை. இன்றோ நான்காம், ஐந்தாம் தலைமுறைக் கைத்தொலைபேசிகளும், வீட்டில் உள்ள வைஃபையும் இந்த முறையில்தான் இயங்குகின்றன. அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட மின், மின்னணுப் பொறியியலாளர் கழகம் 2011-இல் அவருக்கு அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் பதக்கத்தை வழங்கியது. யோசனை பிறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்த பிறகே அப்பதக்கம் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தொழில் அறிந்தோர் அவசரப்பட்டுப் புகழ்வதில்லை.

இத்தகைய பதக்கத்துக்கு ஒருவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? பெரும்பாலும், அவருடைய வேலையை அறிந்த மற்றொருவர் அவர் பெயரை முன்மொழிகிறார். அந்த வேலையைத் தெரிந்த வேறு சிலர் சான்று எழுதுகிறார்கள். சங்கம் நியமித்த குழு எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. முடிவில், இன்ன வேலைக்காக இந்தப் பதக்கம் என்று ஓரிரு வரிகளில் எழுதி வெளியிடுகிறது. அந்த ஓரிரு வரிகள்தாம் பதக்கத்தின் உயிர்.

இதைத் தெரிந்துகொள்வதில் நமக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. விருது என்ற பெயரால் வியாபாரம் செய்வோரும் உலகில் இருக்கிறார்கள். உங்களுக்கு விருது கொடுக்கிறோம், மாலை போடுகிறோம், இவ்வளவு கட்டணம் செலுத்துங்கள் என்பார்கள். அப்போது மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். கொடுப்பவர் அந்தத் தொழிலை அறிந்தவரா? எந்த வேலைக்காக என்று தெளிவாகச் சொல்கிறாரா? பெறுபவர் பணம் கட்ட வேண்டுமா? மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்ற விடை வந்தால், அது பெரும்பாலும் விலைக்கு வாங்கும் தகடே தவிர விருது அன்று.

விருதைவிடப் பெரிய ஆபத்து படிப்பில் இருக்கிறது. வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிச் சேர்த்த பணத்தைக் கொண்டு பிள்ளையைப் பொறியியல் படிக்க அனுப்புகிறோம். படிப்பு முடிந்த பிறகு, இந்தப் பட்டம் செல்லாது என்றால் என்ன செய்வது? மலேசியாவில் பொறியியலாளராகப் பணி செய்ய, 1967-ஆம் ஆண்டின் பொறியியலாளர் பதிவுச் சட்டப்படி மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பதிவு பெற வேண்டும். எந்தக் கல்லூரியின் எந்தப் பட்டம் ஏற்கப்படும் என்பதை வாரியத்தின் அங்கீகார மன்றம் பட்டியலிட்டு வெளியிடுகிறது. முன்பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும். பார்க்கத் தெரியாவிட்டால் பள்ளி ஆசிரியரிடம் கேட்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள கட்டடத்தின் அழகைப் பார்த்து ஏமாறக் கூடாது. கைத்திறன் படிப்பவர்களுக்கும் வழி உண்டு. 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியம், தொழில்நுட்பவியலாளர்களையும் தொழில்நுட்ப உதவியாளர்களையும் பதிவு செய்கிறது.

நம் நாட்டுக்கும் இத்தகைய சங்கம் உண்டு. 1959-இல் தோன்றிய மலேசியப் பொறியியலாளர் கழகம், சிறந்த பொறியியல் சாதனைக்கும், இளம் பொறியியலாளருக்கும் விருதுகள் வழங்கி வருகிறது. கல்லூரியில் படிக்கும்போதே மாணவர் உறுப்பினராக அதில் சேரலாம்.

பெண் பிள்ளைகளைப் பெற்றோருக்கு இன்னொரு செய்தி. 1919-இல் சென்னையில் பிறந்த லலிதா என்னும் அம்மையார், பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தார். வீட்டு மூலையில் முடங்காமல் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, 1943-இல் மின்பொறியியல் பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் பெண் பொறியியலாளர் எனப் போற்றப்படுபவர் அவரே. அவர் கல்கத்தாவில் பணிபுரிந்தபோது, ஃபாரடே பதக்கம் வழங்கும் அதே லண்டன் சங்கம் 1953-இல் அவரை இணை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. 1964-இல் நியூயார்க்கில் கூடிய பெண் பொறியியலாளர், அறிவியலாளர் முதல் உலக மாநாட்டிலும் கலந்துகொண்டார். அறிந்தோர் சபையில் உறுப்பினர் ஆவதும் ஒரு விருதுதான்.

நேயர்களே, ஆட்டிடையர் மகன், கொல்லர் மகன், தந்தி அலுவலகப் பையன், பொள்ளாச்சிப் பிள்ளை, கைக்குழந்தையோடு படித்த இளம் விதவை, இவர்களை மதிப்பிட்ட சங்கங்கள் முதலில் பார்த்தது செய்த வேலையை. ஆனால் வேலை செய்யும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் அல்லவா? மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திக் காய்கறித் தோட்டத்துக் கூலிக்குப் போகும் பிள்ளை, அன்றன்று கொஞ்சம் பணம் கொண்டுவரும். அந்தப் பணம் வீட்டுக்குத் தேவையானதும்கூட. அதைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் பிள்ளை எஸ்.பி.எம். தேர்வு வரையிலாவது கணக்கையும் அறிவியலையும் விடாமல் படித்தால், பாலிடெக்னிக், தொழிற்கல்லூரி, பல்கலைக்கழகம் என்று மேலே பாதைகள் பிரிகின்றன. கீழே நின்றுவிட்டால் எந்தப் பாதையும் கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே, இந்த ஆண்டு உங்கள் பிள்ளை கணக்குப் பாடத்தில் எப்படி இருக்கிறான், எப்படி இருக்கிறாள் என்று ஆசிரியரிடம் ஒருமுறை போய்க் கேளுங்கள். கோலா தெர்லா மின்நிலையத்தில் சக்கரம் எப்படிச் சுற்றுகிறது என்று பிள்ளை கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைச் சேர்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதக்கம் எல்லோருக்கும் வராது. தன் வேலையை அறிந்து செய்கிறவர் என்ற பெயர் எல்லோருக்கும் வரக் கூடியது. அந்தப் பெயருக்குத்தான் பதக்கமே கொடுக்கப்படுகிறது.