உங்களுக்குத் தெரியுமா? கணக்குக்கும் வன்தட்டுக்கும் நடுவில் ஒரு துபாஷி

✦ கல்முனை பசாரில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கணினி இருக்கும். பில் அடிக்கும், இருப்புச் சொல்லும், கடன்காரர் பட்டியலையும் காட்டும். அந்தக் கணக்கையெல்லாம் காப்பது தரவுத்தளம். ஆனால் எந்தத் தரவுத்தளமும் தன் கையால் வன்தட்டில் ஓர் எழுத்துக்கூட எழுதுவதில்லை. வின்டோஸ், லினக்ஸ், அன்ட்ரொயிட் என்று கணினியை ஆளும் இயங்குதளத்திடம் "இதைக் கொஞ்சம் எழுதிக் கொடு" என்று கேட்கத்தான் அதற்கு உரிமை. நம் பிள்ளைகளின் பாடப்புத்தகம் அந்த இயங்குதளத்தைப் பணிசெயல் முறைமை என்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பேச்சு, ஒரு குணம். ஆகவே நடுவில் ஒரு துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், வேண்டியிருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேக்சுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்த மாதிரி. பிள்ளை நாட்குறிப்பு எழுதி இன்றுவரை பேர் வாங்குகிறார். கணினிக்குள் இருக்கும் துபாஷியின் பேர் நிரல் எழுதுகிற பலருக்கே தெரியாது.

✦ இந்தத் துபாஷிக்குத் தெரிந்தவை சில வினைச்சொற்களே. திற, படி, எழுது, அளவைச் சொல், மிச்சத்தை வெட்டு, பூட்டு, பூட்டைத் திற, தட்டில் இறக்கு, மூடு, அழி. எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம் இந்த அடுக்கை வி.எஃப்.எஸ். என்கிறது. 2007இல் வந்த 3.5.0 பதிப்பிலிருந்து அது யாரும் கழற்றி வேறொன்றை மாட்டக்கூடிய தனிப் பாகம். புதிதாக ஓர் இயங்குதளம் வந்தால் இந்தச் சில வினைச்சொற்களை அதன் பேச்சில் எழுதிக் கொடுத்தால் போதும், மேலே உள்ள ஒன்றரை இலட்சம் வரி நிரலைத் தொட வேண்டியதில்லை.

✦ எஸ்கியூலைட்டா, அது யாரிடம் இருக்கிறது என்று கேட்கிறீர்களா? உங்கள் சட்டைப் பையில். வாட்ஸ்அப் செய்திகளும், அன்ட்ரொயிட் போனின் தொடர்பு இலக்கங்களும் அதில்தான் கிடக்கின்றன. உலகில் ஒரு டிரில்லியனுக்கு மேற்பட்ட எஸ்கியூலைட் கோப்புகள் புழக்கத்தில் இருக்கலாம் என்பது அதை உருவாக்கியவர்களின் மதிப்பீடு. அது பிறந்ததோ ஓர் அமெரிக்கப் போர்க்கப்பலுக்காக. கப்பலின் தரவுத்தளச் சேவையகம் விழும்போதெல்லாம் தன் மென்பொருளும் சேர்ந்து படுத்துவிடுவதைப் பார்த்துச் சலித்த ரிச்சர்ட் ஹிப் என்பவர், சேவையகமே வேண்டாம், ஒற்றைக் கோப்பு போதும் என்று 2000 ஓகஸ்டில் முதல் பதிப்பை வெளியிட்டார். ஏர்பஸ் ஏ350 விமானத்தின் மென்பொருளுக்குள்ளும் இன்று அது பறக்கிறது.

✦ "கரண்ட் போனா என்ன மனே, கணக்கு கொம்பியூட்டருக்குள்ளதானே இருக்கும்?"

2022 மார்ச் கடைசியில், நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாட்களில், இரும்புக்கடை வைத்திருக்கும் உறவுக்காரக் காக்கா ஒருவர் என்னிடம் கேட்டது இது. கரண்ட் வந்தபோது கணக்கு இல்லை. கோப்பு உடைந்திருந்தது.

நடந்தது இதுதான். "எழுது" என்று சொன்னதும் இயங்குதளம் "எழுதிவிட்டேன்" என்று பதில் சொல்லும். அது உண்மையில் எழுதியது நினைவகத்தில். தட்டுக்கு அது தன் வசதிக்குத்தான் அனுப்பும். லினக்ஸின் வழக்கமான அமைப்பில் அரை நிமிடம்கூடக் காத்திருக்கும். தோணி நிறைய மீன் கிடந்தாலும் கரையேற்றாத வரைக்கும் அது கடலுக்குச் சொந்தம் அல்லவா? ஆகவேதான் "தட்டில் இறக்கு" என்று ஒரு தனிக் கட்டளை. அது மெதுவான கட்டளை. பில் சீக்கிரம் வர வேண்டும் என்பதற்காக, காக்காவுக்கு மென்பொருள் போட்டுக் கொடுத்த ஆள் அந்தக் கட்டளையையே நிறுத்தி வைத்திருந்தார். அரை விநாடி மிச்சம் பிடித்து இரண்டு மாதக் கணக்கைத் தொலைத்த கதை. மறுகா காக்கா கொப்பிக்கே திரும்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

✦ கொப்பி என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய கடைக்காரர்கள் அன்றாட வரவு செலவை முதலில் சிட்டையில் கிறுக்கிவிட்டு, இரவில் பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேட்டில் ஏற்றும்போது விளக்கு அணைந்தாலும் சிட்டை இருக்கும். பெரிய தரவுத்தளங்கள் எல்லாம் செய்வது இதைத்தான். எஸ்கியூலைட் 2010இலிருந்து இந்த முறையையும் வைத்திருக்கிறது. அதற்கு முந்திய முறை தலைகீழ்: மாற்றப்போகும் பக்கத்தின் பழைய படியைத் தனிக் கோப்பில் எடுத்து வைத்துவிட்டுப் பேரேட்டில் கை வைப்பது. பாதியில் கரண்ட் போனால், அடுத்த தடவை திறக்கும்போது பழைய பக்கத்தைத் திருப்பி ஒட்டிவிடும்.

✦ மையெஸ்கியூவெல் என்ற தரவுத்தளத்துக்குள் இருக்கும் இன்னோடிபி என்ற எந்திரம் இன்னும் சந்தேகப் பிராணி. அதன் ஒரு பக்கம் 16 கிலோபைட். பல வன்தட்டுகள் ஒரே மூச்சில் எழுதுவதாக உறுதி தருவது 512 பைட், புதியவற்றில் 4 கிலோபைட். ஆக, பக்கத்தின் மேல்பாதி புதிது, கீழ்ப்பாதி பழையது என்ற நிலையில் கரண்ட் போகலாம். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் ஓர் ஒதுக்குப்புறத்தில் முழுசாக எழுதி, பிறகு உரிய இடத்தில் இன்னொரு தடவை எழுதுகிறது.

✦ இன்னோடிபியை எழுதத் தொடங்கியவர் பின்லாந்தின் ஹெய்க்கி தூரி. காலம் 1990களின் நடுப்பகுதி. அதன் கோப்பு அடுக்கு, தான் ஓடுவது வின்டோஸ் 3.1இலா, 95இலா, என்.டி.யிலா என்றுகூட அந்நாளில் விசாரித்துக்கொண்டது. பின்னணியில் படிக்க, எழுத வசதி தராத இயங்குதளம் என்றால், தானே சில இழைகளை வேலைக்கு வைத்து அந்த வசதி இருப்பதுபோல் நடித்துக் காட்டும். மேலே உள்ள தரவுத்தளத்துக்கு எது அசல், எது நடிப்பு என்று தெரியவே தெரியாது.

✦ 2004 டிசம்பர் 26. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் பற்றிக் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஆட்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையில் மிக அதிகம் இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள். யார் காணாமல் போனார், எந்த முகாமில் யார் இருக்கிறார், எங்கே தண்ணீர் வேண்டும், எந்த நிறுவனம் எங்கே வேலை செய்கிறது என்பதெல்லாம் ஆளுக்கொரு தாளில் இருந்தது. அப்போது இலங்கையின் மென்பொருள்காரர்கள் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் கீழ் சேர்ந்து, சில வாரங்களுக்குள் எழுதி முடித்த இலவசத் திறந்தநிலை மென்பொருள்தான் சகானா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும், ஜாவாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்துக்கும் அது போய் உழைத்தது. சமூகப் பயனுக்கான 2006ஆம் ஆண்டு விருதை அதற்கு ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் வழங்கியது.

இங்கே ஏன் சகானா? அது லினக்ஸ், அப்பாச்சி, மையெஸ்கியூவெல், பி.எச்.பி. என்ற நான்கு கால்களில் நின்றது. கொழும்புச் சேவையகத்தின் லினக்ஸில் ஓடும் அதே மையெஸ்கியூவெல், முகாமில் யாரோ கொண்டுவந்த வின்டோஸ் மடிக்கணினியிலும் ஓடும். பேரிடர் வந்த ஊரில் "எனக்கு இந்த மெஷின்தான் வேண்டும்" என்று கேட்க முடியாது. கையில் எது அகப்படுகிறதோ அதில் வேலை நடக்க வேண்டும். அதற்கு வழிவிடுவது அடியில் இருக்கும் துபாஷி.

✦ வின்டோஸுக்குக் கோப்புப் பேர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. மையெஸ்கியூவெல் அட்டவணைப் பேர்கள் கோப்புப் பேர்களாகவே தட்டில் இருப்பதால், வின்டோஸில் நன்றாக ஓடிய மென்பொருள் லினக்ஸுக்குப் போனதும் "அப்படி ஓர் அட்டவணையே இல்லை" என்று கையை விரிக்கும். தமிழில் பேர் வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. நமக்கு ஏது பெரிய எழுத்து?

✦ ஆனால் தமிழுக்கு வேறு தொல்லை. "கல்முனை" என்ற கோப்புப் பேரில் ஏழு யுனிகோட் குறிகள் உண்டு. லினக்ஸில் வழக்கமான யு.டி.எஃப்-8 முறையில் அது 21 பைட். வின்டோஸின் யு.டி.எஃப்-16 முறையில் 14 பைட். ஒவ்வொரு தடவை கோப்பைத் திறக்கும்போதும் துபாஷி ஒன்றை மற்றதாக மாற்றிக் கொடுக்கிறார். வின்டோஸ் 98 காலத்தில் அந்த மாற்றத்துக்கே வழியில்லை, தமிழுக்கென்று ஒரு குறிமுறைப் பக்கம் அதில் கிடையாது. பாமினி எழுத்துருவில் காலம் தள்ளிய அச்சகக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், கோப்புப் பேர்களை எல்லாம் ஆங்கிலத்தில்தான் வைத்திருப்பார்கள்.

✦ ஒருவர் எழுதும்போது இன்னொருவர் உள்ளே வரக்கூடாது, அதற்குப் பூட்டு. லினக்ஸ் போன்ற, யுனிக்ஸ் வழி வந்த இயங்குதளங்களில் அந்தப் பூட்டுக்கு விசித்திரமான விதி. ஒரு நிரல் ஒரே கோப்பை இரண்டு தடவை திறந்துவிட்டு, ஒன்றை மட்டும் மூடினாலும் இரண்டின் பூட்டும் கழன்றுவிடும். பின்கதவைச் சாத்தினால் முன்கதவு திறந்துகொள்ளும் வீட்டில் யார் குடியிருப்பார்? ஆனாலும் போசிக்ஸ் என்ற அவற்றின் பொதுத் தரநிலை அப்படித்தான் சொல்கிறது. எஸ்கியூலைட்டின் துபாஷி, பூட்டு எல்லாம் விடுபடும்வரை மூட வேண்டியதை மூடாமல் நிறுத்தி வைத்துச் சமாளிக்கிறார்.

✦ வின்டோஸ் பூட்டு வேறு ரகம். பூட்டிய பைட்டை மற்றவர் படிக்கவே முடியாது. ஆகவே எஸ்கியூலைட் பூட்டுப் போட, தரவே இல்லாத ஓர் இடத்தைத் தேர்ந்தது: கோப்பின் சரியாக 1,073,741,824ஆவது பைட்டிலிருந்து, அதாவது 1 ஜிகாபைட் தூரத்தில். கோப்பு அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இல்லாத இடத்தையும் பூட்டலாம். கோப்பு வளர்ந்து அங்கே வந்துவிட்டால் அந்தப் பக்கத்தை மட்டும் வெறுமையாக விட்டுத் தாண்டிப் போகும். வின்டோஸ் 95, 98இல் பலர் சேர்ந்து படிக்கும் பூட்டே கிடையாது. அதற்காக 510 பைட்டுகளைக் கதிரைகள்போல வரிசையாகப் போட்டு, படிக்க வருபவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றில் உட்காரட்டும் என்று வைத்தார்கள். எழுத வருபவருக்கு 510 கதிரையும் காலியாக இருக்க வேண்டும். இரண்டு வாசகர்கள் ஒரே கதிரைக்கு வந்தால் ஒருவர் எழும்பத்தான் வேண்டும். இதைவிடக் குறும்பான தீர்வை நான் எந்த நிரலிலும் பார்த்ததில்லை.

✦ எஸ்கியூலைட்டின் தற்காலிகக் கோப்புகளின் பேர், அதன் ஆங்கிலப் பேரின் எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் வருவது. ஏன்? மெக்காஃபி வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் எஸ்கியூலைட்டைப் பயன்படுத்தத் தொடங்கியது. தற்காலிகக் கோப்புகள் பயனர்களின் கண்ணில் பட்டன. அவர்கள் கோப்பில் இருந்த பேரைக் கூகுளில் தேடி, உருவாக்கியவர்களின் தொலைபேசி இலக்கத்தைப் பிடித்து, நடுச்சாமத்தில் எழுப்பித் திட்டினார்கள். 2006இல் பேரைத் திருப்பிப் போட்டார்கள். நித்திரை வந்தது.

✦ திறந்திருக்கும் கோப்பை லினக்ஸில் அழிக்கலாம். பேர் மட்டும் போகும், உள்ளே இருப்பது மூடும்வரை இருக்கும். வின்டோஸில் பெரும்பாலும் முடியாது. வைரஸ் தேடும் மென்பொருள் அந்த நேரம் பார்த்துக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தால் தரவுத்தளத்துக்கே கதவு திறக்காது. ஆகவே எஸ்கியூலைட்டின் வின்டோஸ் துபாஷி சற்று இடைவெளி விட்டுப் பத்துத் தடவை தட்டிப் பார்த்த பிறகே தோல்வியை ஒப்புக்கொள்கிறார்.

✦ "தட்டில் இறக்கு" என்ற கட்டளையே பொய் சொன்ன கதையும் உண்டு. 2018இல் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தை எழுதுபவர்கள் கண்டுபிடித்தது: இறக்குவது தோற்றால் லினக்ஸ் ஒரு தடவை பிழை சொல்லும். மறுபடி கேட்டால், இறக்காமலே "எல்லாம் சரி" என்றுவிடும். ஏறத்தாழ 20 ஆண்டுகளாக மறுபடி கேட்டுத் திருப்தி அடைந்துகொண்டிருந்தார்கள். 2019இலிருந்து, முதல் பிழையிலேயே தரவுத்தளம் தன்னைத் தானே நிறுத்திவிட்டு, சிட்டையிலிருந்து கணக்கை மீட்டெடுக்கிறது.

✦ துபாஷியைக் கழற்றி மாட்டலாம் என்றேன் அல்லவா? அதனால் வேண்டுமென்றே பொய் பேசும் துபாஷியையும் மாட்டலாம். எழுதியதைப் பாதியில் தொலைப்பார், வரிசையைக் குலைப்பார், கரண்ட் போனதுபோல் விழுந்துவிடுவார். எஸ்கியூலைட்டை இவரிடம் விட்டுத்தான் சோதிக்கிறார்கள். அதன் சோதனை நிரல், அசல் நிரலைப்போல ஏறத்தாழ 590 மடங்கு.

✦ கடைசியாக, கடை வைத்திருப்பவர்களுக்கு. இரண்டு கணினிகள் வலையமைப்பில் ஒரே எஸ்கியூலைட் கோப்பைப் பகிர்ந்து எழுத விடாதீர்கள். வலையமைப்பு வழியே பூட்டு பல நேரம் சரியாக விழாது. மென்பொருளை மூடாமல் கோப்பைப் பென் டிரைவில் பிரதி எடுக்காதீர்கள். கரண்ட் போய்த் திரும்ப வந்திருந்தால், தரவுத்தளக் கோப்பின் பக்கத்தில் அதே பேரில் வால் முளைத்த இன்னொரு கோப்பு கிடக்கலாம். அதுதான் சிட்டை, அல்லது பழைய பக்கத்தின் படி. குப்பை என்று அதை அழித்துவிடாதீர்கள், பிரதி எடுக்கும்போது அதையும் சேர்த்து எடுங்கள்.